அத்தான் எழுதிய முகவரி

வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். எப்படிக் கூப்பிட்டாலும் அவளுக்கு வாய் கசந்தது. அக்காள் புருஷன்; வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். காப்பி மிஷின் பக்கம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவர் அதைச் சொல்லியாகிவிட்டது.

அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும் கருவிகளைச் செய்கிற கம்பெனி அது. கருவிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிக்கும் சின்ன நிரல் பூட்லோடர். அதன் நெட்வொர்க் பகுதி அத்தானின் ராஜ்ஜியம். யாராவது எட்டிப் பார்த்தால், "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்பார்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி மேக் முகவரி உண்டு; நெட்வொர்க்கில் எது எந்தக் கருவி என்று பிரித்துக் காட்டும் நம்பர். தொழிற்சாலையில் அதைச் சில்லில் எழுதுவார்கள். பூட்லோடர் அதைப் படித்து, நெட்வொர்க் கேபிள் சேரும் ஈதர்நெட் பகுதிக்குக் கொடுக்கும். சில்லு காலியாக இருந்தால்? பிழை என்று சொல்லி நிற்க வேண்டும். அத்தானுக்கு அந்தப் பொறுமை ஏது? தன் மேசையில் கிடந்த போர்டின் முகவரியையே நிரலில் எழுதி வைத்துவிட்டார்.

ஒருமுறை காலிச் சில்லுகளோடு ஒரு லோடு வெளியே போனது. வாடிக்கையாளரின் கட்டடத்தில் ஒரு கருவி தனியாக ஒழுங்காக ஓடியது. இன்னொன்றை மாட்டியதும் இரண்டும் தடுமாறின. ஜனங்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். அத்தான் முதலில் சுவிட்சைத் திட்டினார், பிறகு கேபிளை, கடைசியில் அதை இழுத்த எலக்ட்ரீஷியனை. பாவம், அந்த மனிதர் மாடி முழுக்கக் கேபிளை உருவி மறுபடி இழுத்தார்.

அவள் அங்கிருந்து இரண்டு கருவிகளை வரவழைத்து மேசையில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே முகவரி. அத்தான் டீ கிளாஸ் வைக்கும் போர்டில் ஒட்டியிருந்த அதே முகவரி. கொண்டுபோய்க் காட்டினாள்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இல்லை என்றாள்.

"டெஸ்டுக்குப் போட்டது, எடுக்க மறந்துட்டேன். நீ கண்டுக்காத."

அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கினார். சில்லைக் காலியாக விட்டதென்று பழி மொத்தமும் தொழிற்சாலை தலையில் விழுந்தது. கோளாறைக் கண்டுபிடித்ததற்கு மேலிடம் அவரைப் பாராட்டியது. அந்த வாரமே மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தன் வீரத்தை வாய் ஓயாமல் அளந்தார். அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தத் தப்பு நம்பர எழுதி வச்சதே அத்தான்தான்" என்றாள் அவள்.

"சாப்பிடுற எடத்துல எதுக்குடி ஆபீஸ் பேச்சு?" என்றாள் அக்காள். அத்தான் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் வேறு வேலை தேடிக்கொண்டாள். அவளுக்குப் பிரஷர் தாங்கவில்லை என்று அத்தான் சொல்லித் திரிவதாகக் காதில் விழுந்தது. கோபப்படக்கூட அந்த ஆள் லாயக்கில்லை என்று விட்டுவிட்டாள்.

எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் போன் செய்து, கேபிளில் குறையே இல்லை என்று நடந்ததைச் சொன்னாள். அவர் அத்தானின் பரம்பரையையே இழுத்து வைதார். அவள் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள்.