வேன் அக்காவின் காலுக்குத் தெரிந்தது

அந்தத் தெருவில் அவளுக்கு வேன் அக்கா என்றுதான் பெயர். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அவள் வண்டியில் போய் வந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "வேன் அக்கா, என்னைத் தெரியுதா?" என்பார்கள். தெரியாமல் என்ன! யார் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டார்கள், யார் எந்த வளைவில் வாந்தி எடுத்தார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை ஊரே டிப்போ என்று கூப்பிட்டது.

கல்யாணமான புதிதிலேயே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். பானெட்டுக்குள் அவள் மூக்கை நுழைக்கக் கூடாது. அவள் ஓட்டும்போது அவர் வாயைத் திறக்கக் கூடாது. தினமும் விடிந்ததும் அவர் ஆயில், தண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டு "சரி" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பி அவள் ஒரு வண்டிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சண்டை போட்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தபோதுகூட அந்தச் "சரி" மட்டும் நின்றதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் அந்த வேனைக் கழித்துக் கட்டியபோது இவர்களே அதை விலைக்கு வாங்கி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார்கள். ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, கூரையில் தண்ணீர் டேங்க். ஒரு குட்டி வீடே சக்கரத்தின் மேல் ஏறிக்கொண்டது. அதில் இரண்டு வாரம் மலைப் பக்கம் சுற்றிவிட்டு வருவது என்று திட்டம். ஆயுசில் முதல் முறையாக, வண்டி நிறையச் சத்தம் போட யாரும் இல்லாமல் ஒரு பயணம்!

கிளம்புகிற அன்று காலை வண்டி சமதரையில் நின்றது. இன்ஜின் ஆறிக் குளிர்ந்திருந்தது. வேன் அக்கா டிரைவர் சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பானெட் தூக்கியிருந்ததால் அவர் முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது.

"இன்ஜின் ஆயில்?"

"சரி."

அதற்கே நேரம் பிடித்தது. இடுக்கு வழியாக அவர் கை மட்டும் தெரிந்தது. குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எதுவரை ஏறியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூலன்ட் டப்பாவிலும் விரலை விட்டார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். சரி, சரி. பேட்டரி சரி, கிளட்ச் ஆயில் சரி, பிரேக் ஆயில் சரி. மனுஷனுக்கு வயசாகிவிட்டது, ஆற அமரப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டாள்.

எல்லாம் முடிந்ததும், எப்போதும் செய்வதுபோல பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. இரண்டு விரற்கடை இறங்கித்தான் பிடித்தது. மறுபடி மிதித்தாள். மேலே வந்தது. காலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மிதித்தால் பழையபடி பஞ்சுபோல இறங்குகிறது.

சொல்வதா, வேண்டாமா? அவர் சரி என்று சொன்ன பிறகு அவள் ஒரு நாளும் எதிர்க் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் மனுஷன் நொறுங்கிப்போவார். கேட்காமல் விட்டால் மலை இறக்கம் இருக்கிறது, வளைவுக்கு மேல் வளைவு இருக்கிறது.

"என்னங்க, பிரேக் கொஞ்சம் இறங்குது."

"இப்பத்தானே பாத்தேன். மேல் கோடு வரைக்கும் நிக்குது" என்றார்.

"கால் வேற மாதிரி சொல்லுதே."

"உன் காலுக்கு வயசாயிடுச்சும்மா."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஒரு பதிலடி கொடுத்திருப்பாள். அன்று கதவைத் திறந்து இறங்கினாள். நேராகப் போய் பானெட்டுக்குள் தலையை விட்டாள். ஒப்பந்தமாவது மண்ணாவது!

பட்டப்பகலில் அவர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "பாரு, கோடு வரைக்கும் இருக்கா இல்லையா?"

பிளாஸ்டிக் டப்பாவின் உள்பக்கம் வருஷக்கணக்காகப் படிந்த ஆயில் கறை, மேல் கோடு வரைக்கும் பழுப்பாக ஏறியிருந்தது. ஆயில் அங்கே இல்லை. கீழ்க் கோட்டுக்கும் ஒரு விரல் கீழே கிடந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதில் ஏமாறமாட்டான்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் டப்பாவை நேராகப் பார்க்கவே இல்லை. கோழி பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக டிவியைக்கூட அப்படித்தான் பார்க்கிறார். கழுத்து சுளுக்கா என்று கேலி வேறு செய்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

டார்ச்சை அணைத்தார். "நாலு மாசமா. நடுவுல புகை மாதிரி மறைக்குது. ஓரத்துல எல்லாம் நல்லாத் தெரியும்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். போன பார்வை திரும்ப வராதாம். மிச்சத்தைக் காப்பாத்தலாம்னு ஊசி போடறாங்க. டிப்போ ஆளுங்களைப் பாத்துட்டு வரேன்னு மாசாமாசம் போனேனே, அங்கதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"சொன்னா நீ பயணத்தை நிறுத்திடுவே. மலையைக் கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை பாத்துடணும்னு இருந்துச்சு. அப்புறம்..." டார்ச்சைக் கைக்குள் உருட்டினார். "நான் சரின்னு சொன்னா நீ கேள்வி கேக்காம கிளம்புவே. அது போயிடுமேன்னு பயமா இருந்துச்சு."

அவளுக்கு வந்ததே கோபம்! "அதுக்காக இந்தப் பிரேக்கை வெச்சுக்கிட்டு மலையிலேர்ந்து என்னை இறங்கச் சொல்றீங்களா? ரெண்டு பேரையும் அள்ளித்தான் எடுத்திருப்பாங்க!" என்று கத்தினாள். அடுத்த வார்த்தை வரும்போதே கோபம் உடைந்துபோயிற்று. "நாலு மாசம்! திரைச்சீலைக்குத் துணி பிடிக்கலைன்னு ஒரு மாசம் தள்ளிப் போட்டேனே. குழாய் சரியில்லைன்னு இன்னொரு மாசம் தள்ளினேனே. சொல்லியிருந்தா ஒரு பாயைச் சுருட்டிப் போட்டுக்கிட்டு அன்னைக்கே கிளம்பியிருப்பேனே!"

வண்டிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு, சக்கரம் சக்கரமாக உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். ஒரு விரலை முகர்ந்து பார்த்தார்.

"இங்கதான் கசியுது. வீல் சிலிண்டர்" என்றார். அதற்கு அவருக்குக் கண் தேவைப்படவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் புது சிலிண்டர் வாங்கி வந்தாள். அவர் கைப்பழக்கத்தில் சக்கரத்தைக் கழற்றினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் இடது பக்கம், ஆங், அதேதான்" என்று சொல்லச் சொல்ல மாட்டினார். டப்பாவில் புது ஆயில் ஊற்றினாள் அவள்.

இனி பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து, பாட்டிலுக்குள் விட்ட குழாயில் குமிழ் வருவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மிதிப்பது எப்போதும் அவள், பார்ப்பது அவர். பழக்கதோஷத்தில் அவர்தான் போய் உட்கார்ந்தார். பாட்டிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்பேனரை அவள் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார்.

"மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே பிடிங்க. ஐயோ, எவ்வளவு குமிழ்!"

மூடினாள், திறந்தாள், மூடினாள். ஒன்பதாவது தடவை ஒன்றிரண்டுதான் வந்தது. பதினோராவது தடவை ஒன்றுமே இல்லை.

"இப்ப வரல."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பொடிசாக்கூட?"

"இல்லைங்க."

"எதுக்கும் நான் ஒரு தடவை இறங்கி வந்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் ஸ்பேனரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "இன்னைக்குக் காலை வரைக்கும் நான் ஒரு தடவையாவது இறங்கி வந்து பாத்தேனா?"

அவர் பெடலை இன்னும் ஒரு முறை மிதித்துப் பார்த்தார். கல்லுபோல நின்றது. காலை எடுத்துவிட்டு, மெல்ல நகர்ந்து பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.