ஜெய்தூன் பீவியின் துவைகல்

"எழுத்து வெட்டின கல்லுல அடிச்சாத்தான் அழுக்குப் போகும்" என்று ஜெய்தூன் பீவி தெருவெல்லாம் பெருமையடிப்பாள். பழைய மதிலோரம் கேட்பாரற்றுக் கிடந்த கல்லை, தோல் மண்டியில் வேலை பார்த்த அவள் கணவர்தான் வண்டியில் கொண்டுவந்து போட்டார்.

1958-ல் பிரான்சிலிருந்து ஒரு பெண் தன் தாத்தாவின் கல்லறையைத் தேடி, மாதா கோயில் குமாஸ்தாவோடு நாகல் நகரில் வீடு வீடாக விசாரித்து வந்தாள். சாவுப் பதிவேட்டில் பெயர் இருந்தது. புதைத்த இடத்தில் கல் இல்லை. குமாஸ்தா அந்தப் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினார். ஜெய்தூனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவை அவள் உள்ளங்கை அறிந்த எழுத்துகள்.

"தெரியாதுன்னு சொல்லிரு அக்கா," என்று பக்கத்து வீட்டு சைனம்பு காதோடு சொன்னாள்.

"இம்புட்டுத் தூரம் வந்திருக்காளே," என்றாள் ஜெய்தூன்.

ஜெய்தூன் அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப்போய், கல்லின் மேலிருந்த ஈரத்துணியை எடுத்து, நுரையை முந்தானையால் துடைத்தாள். அந்தப் பெண் மண்டியிட்டுப் பெயரைத் தடவினாள். முதல் இரண்டு எழுத்துகள் தேய்ந்திருந்தன. ஜெய்தூன் துணி அடிக்கும் இடம் அது.