பவானிபூர் சந்தில் விழுந்த அடி

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். முழங்கால் ஒத்துழைக்காது என்றேன். அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். ஐம்பதை நெருங்கும் வயதில், அதுவும் கொல்கத்தாவில்! இங்கே பஸ்காரன் சைக்கிளைக் கண்டால் ஒதுங்க மாட்டான். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று அறைந்து நம்மைச் சாக்கடைப் பக்கம் விரட்டுவான். பெரிய சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்கே தடை; போலீஸ் பிடித்தால் அபராதம். மிச்சமிருப்பவை சந்துகள்தான்.

என் கணவருக்குக் கிடர்பூரில் துறைமுக உத்தியோகம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று இரண்டு பக்கத்து உறவும் சொல்லும். வீட்டில் கத்துவது, கதவை அறைவது, காய்கறிக்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் என் இலாகா. நான் சைக்கிள் வாங்கியதும் அவரும் ஒன்று வாங்கினார்.

"உன்னத் தனியா விட்டா ரோட்டுல எவனையாவது அடிச்சுட்டு வந்து நிப்ப" என்று சிரித்தார்.

சின்ன வயதில் ஓட்டியதுதானே, மறக்காது என்று நினைத்தேன். உடம்பு சுத்தமாக மறந்திருந்தது. சீட் தொடையை அறுத்தது. பெடல் சுழன்று வந்து கெண்டைக்காலைக் கிழித்தது. தெருநாய் ஒன்று சுடிதாரைக் கவ்வ, நான் உதைத்த உதையில் அது ஊளையிட்டபடி ஓடியது. ஒருநாள் மார்க்கெட் வாசலில், மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி அத்தனை பேர் முன்னால் விழுந்தேன். எழுந்ததும் "சனியனே!" என்று சைக்கிளை உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஆனாலும் விடவில்லை. மெல்ல மெல்ல மூச்சு வாங்குவது நின்றது, கால் இறுகியது. மெட்ரோ படிகளை ஒரே மூச்சில் ஏறி மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று வெறி பிடித்தது. "முன் பிரேக்க மட்டும் பிடிக்காத, தூக்கி எறிஞ்சிரும்" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். சரி சரி என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பவானிபூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்து. ஓரமாக ஒரு மஞ்சள் டாக்ஸி நின்றது. நான் நெருங்கும்போது டிரைவர் எச்சில் துப்பக் கதவைத் திறந்தார். பதறிப்போய் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. கதவின் மேல் மோதித் தார்ச்சாலையில் குப்புற விழுந்தேன். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். என் வயதுதான் இருக்கும், ஒல்லியான ஆள். என்னைத் தூக்கிவிடக் குனிந்தார். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் என் பின்னால் சைக்கிள் ஒன்று தடாலென்று விழுந்தது. என் கணவர். சீட்டில் சுற்றியிருந்த பூட்டுச் சங்கிலியை உருவிக்கொண்டு வந்தார். முதல் அடி டிரைவரின் முதுகில். அடுத்தது காதோரம்.

டீக்கடையில் நின்றவர்கள் பாய்ந்து வந்தார்கள். வண்டி மோதினால் முதலில் டிரைவரை அடிப்பது, என்ன நடந்தது என்று பிறகு கேட்பது. இங்கே பல தெருக்களில் இதுதான் வழக்கம். ஒருவன் கல்லால் கண்ணாடியை உடைத்தான். இன்னொருவன் கீழே விழுந்தவரின் விலாவில் மிதித்தான்.

"என்னங்க, விடுங்க! எனக்கு ஒண்ணுமில்ல! நாந்தான் பிரேக்கத் தப்பாப் பிடிச்சேன்!" என்று தமிழில் கத்தினேன். விடுங்கள் என்று வங்காளத்திலும் கத்தினேன். "பௌதி, நீங்க தள்ளிக்கோங்க" என்று ஒருவன் என்னை அண்ணி முறை வைத்து மரியாதையாக ஓரம் கட்டிவிட்டு, போய் அந்த மனிதரின் வயிற்றில் உதைத்தான். என் கணவர் நிறுத்தவேயில்லை. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, அடித்துக்கொண்டே இருந்தார்.

தலையை மூடியிருந்த டிரைவரின் கைகள் தளர்ந்து விழுந்தன. ஐயோ, செத்துவிடுவான் இந்த மனுஷன். ஓடிப்போய் அவர் மேல் கவிழ்ந்து விழுந்தேன். அதற்குள் ஓங்கிவிட்ட சங்கிலி என் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

எல்லாரும் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். என் கணவரை வேறு டாக்ஸி பிடிக்கச் சொன்னேன். "முதல்ல அவர ஏத்துங்க" என்றேன். ஏற்றினார். வழியெல்லாம் அந்த மனிதரின் தலை என் மடியில் கிடந்தது, நினைவில்லாமல் முனகிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட வந்த டாக்டர், எப்படி உடைந்தது என்று கேட்டார்.

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா" என்று ஆங்கிலத்தில் சொன்னார் என் கணவர்.

"முட்டி மட்டும்தான் சைக்கிள். தோள் இவர் அடிச்சது. வெளியில ஒருத்தர் கிடக்காரே, அவரையும் இவர்தான் அடிச்சார்" என்றேன்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த ஆள் பிழைத்துக்கொள்வார், ஆனால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்று வெளியே போனார். என் கணவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒன் ரத்தத்தப் பாத்ததும் கண்ணு மண்ணு தெரியலடி. எல்லாம் ஒனக்காகத்தான..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எனக்காகவா? மொத அடியில இருந்து விடுங்க விடுங்கன்னு தொண்ட கிழியக் கத்தினேனே. எனக்காகன்னா என் குரல் ஒங்களுக்குக் கேட்டிருக்காதா?"

திரைக்கு அந்தப் பக்கம் அந்த மனிதருக்குத் தலையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் அவர் அலறினார்.

"இங்க ஏன் நிக்கிறீங்க? அங்க போய் நில்லுங்க" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையை விலக்கிப் போனார்.