எதிர்த்திசையில் நடந்தவர்

வேதாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. வகுப்பில் அவளுக்குப் போட்ட நாற்காலியில் பெரும்பாலும் நோட்டுகள்தான் இருக்கும். கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடியே பாடம் நடத்துவாள். அடி அண்ணாமலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு ஓர் அண்ணன் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அண்ணன் அருணகிரிக்கு நாற்பத்திரண்டு வயது. அறிவு மட்டும் ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை கீழ்பென்னாத்தூரில் கடலைக் கொல்லையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு, வேங்கிக்காலில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வேதா அவரைக் கூட்டி வந்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போயின. அதிலிருந்து வெளியில் அவரைப் பற்றிப் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள். பகலில் பக்கத்து வீட்டு அருணாதேவி அக்கா பார்த்துக்கொள்வார்.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்தைத் திருப்பிவிட்டிருந்ததால் செங்கம் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கு வந்தாள். பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. மோட்டாரை நிறுத்தப் போய்விட்டு வருவதற்குள் அருணகிரி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாராம். எட்டரைக்கே போனவர். தெரு முழுக்கத் தேடிவிட்டு, அக்கா பயந்துபோய் இப்போதுதான் சொல்கிறார்.

எங்கே போய்த் தேடுவது என்று வேதாவுக்குத் தெரியவில்லை. இன்னொரு ஆசிரியை லீவு. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் அவள் ஒருத்தியை நம்பி ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. தலைமையாசிரியர் தசரதனிடம் அனுமதி கேட்டால் யாரைக் காணோம் என்று கேட்பார். அவள் சாக்பீஸை எடுத்தாள்.

இரண்டு வாக்கியங்களை 'ஹூ' போட்டு இணைக்கும் பாடம். மூன்று நாளாகப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. தமிழில் 'நேத்து வந்த மாமா' என்று சொல்லிப் பழகியவர்கள், ஆங்கிலத்திலும் மாமாவைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள். "மொதல்ல ஆளைச் சொல்லுங்க. அப்புறம் 'ஹூ' போட்டு அந்த ஆள் என்ன செஞ்சார்னு சொல்லுங்க," என்றாள். காலையில் வழியில் பார்த்த ஒருவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்ல இவள் பலகையில் எழுதினாள். கை எழுதியது, காது ஃபோனிலேயே இருந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை எழுதிவிட்டதைப் பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

பொன்னி எழுந்தாள். கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்துப் பக்கம் அவள் அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். பௌர்ணமியன்று அங்கே கை கொடுத்துவிட்டுத் தாமதமாகத்தான் வருவாள். "ஐ சா எ மேன். ஹீ வாக்ஸ் ஆப்போசிட்," என்றாள்.

வேதா பழக்கத்தில் 'வாக்ஸ்' என்பதைத் திருத்தப் போனாள். பிறகு கை நின்றது.

"எதிர்லன்னா எப்படி?"

"எல்லாரும் இங்கேருந்து அந்தப் பக்கம் போறாங்க மிஸ். அவரு மட்டும் எதிர்ல வராரு. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கினே வராரு. வெயில்ல குரங்குக் குல்லா வேற போட்டுக்கினு இருந்தாரு."

அந்தக் குல்லாவை வேதாதான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அவள் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். தசரதன் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். "சார், எங்க அண்ணனைக் காணோம். அவருக்கு வெவரம் பத்தாது. கிளாஸைப் பாத்துக்கங்க," என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். எதுவும் கேட்கவில்லை.

சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடினாள். யாரோ திட்டினார்கள். ஒரு செருப்பு அறுந்தது; அதை விட்டுவிட்டாள். கால் மணி நேரம் போயிருக்கும். வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, சாலை நடுவில் அருணகிரி வந்துகொண்டிருந்தார். இவள் முகத்துக்கு வந்ததும் நின்றார்.

"எல்லாரும் வந்துட்டாங்க. நீ மட்டும் வரல," என்றார்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும், அடுத்த மாசம் உன்னைக் கிரிவலத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவந்தது அவள்தான். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மதியம் அவரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். பிள்ளைகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தினமும் கூட்டி வர விதி இடம் கொடுக்காது என்று தசரதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். விஷயம் தெரிந்த பொன்னியின் அம்மா, தன் கடையில் உட்காரட்டும் என்றார். இப்போது காலையில் அங்கே விட்டுவிட்டு வந்து, நாலரைக்குக் கூட்டிப் போகிறாள். அருணகிரி பூவை உதிரி உதிரியாகக் கூடையில் போட்டபடி, போகிற வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேதாவுக்கு நிம்மதி வந்துவிட்டதா என்றால், இல்லை. பாடத்தின் நடுவே சாலையில் ஏதாவது சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுகிறாள். மீதியைப் பிள்ளைகள் சொல்லி முடிக்கிறார்கள்.