கழற்றாத மூடி

கடலாய்வுக் கப்பலில் அவளைக் கருவிக்காரம்மா என்பார்கள். நுனியில் அரிசியளவு உணரி பொருத்திய நீண்ட குழாயைக் கடலுக்குள் விழவிட்டு, விரற்கடை அளவுச் சுழிப்புகளில் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் எப்படிக் கலக்கின்றன என்று அளப்பது, பதினெட்டு வருஷமாக அவள் வேலை. உணரியில் விரல் பட்டாலே போச்சு. அதனால் இறக்கும் வரை அதற்கு ரப்பர் மூடி போட்டிருக்கும்.

ஒருநாள் காலையில் நான்கு தடவை இறக்கினார்கள். நான்கிலும் திரையில் கோடு ஆடாமல் அசையாமல் போயிற்று. தலைமை ஆய்வாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இவ்ளோ அமைதியான தண்ணிய யாரும் அளந்ததே இல்ல. உடனே எழுதிடணும்," என்று பேனாவைத் திறந்தார்.

கழற்றிய மூடியைப் போட்டுவைக்கும் சட்டைப்பையை அவள் தடவிப் பார்த்தாள். காலி.

"தண்ணி அமைதியா இல்லீங்க. மூடியக் கழட்டாம விட்டுட்டேன்."

அவர் பேனாவை மூடினார்.

அன்று முதல், கருவி தண்ணீரைத் தொடும் வரை கழற்றிய மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே நிற்பாள். யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கதையைக் கேட்ட கணவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அதுல ஒண்ண வீட்டுக்கும் கொண்டாயேன்."

அடுத்த பயணம் முடிந்து வந்ததும் அவன் கையில் ஒரு மூடியை வைத்தாள்.

"இந்தாங்க. உங்க வாய்க்குத் தகுந்த மாதிரி பெருசாப் பாத்து எடுத்தேன்."