பெரியண்ணன் படித்த நிர்வாகம்

பெரியண்ணனின் கழுத்தில் மஞ்சள் நிற இஞ்சு டேப் ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அதோடு ஒரு வெள்ளை இயர்போன் ஒயரும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். யாராவது அளவு கொடுக்க வந்தால் டேப்பை உருவுவார். கூடவே ஒயரும் ஃபோனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். உடனே அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்மணி உரத்த குரலில், ஆங்கிலத்தில், நிர்வாகம் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்குவார். காஜா போடும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "டீச்சரம்மா வந்துட்டாங்கோ, எல்லாரும் எழுந்து நில்லுங்கோ" என்பார் கட்டிங் மாஸ்டர். பெரியண்ணனும் சிரித்துக்கொண்டே பையை அமுக்கிப் பிடித்து ஃபோனைத் தேடுவார்.

சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், துணிக்கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தின் மாடியில் இருந்தது எங்கள் பட்டறை. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்போம். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த அப்பா போன பிறகு பெரியண்ணன் பெங்களூருக்கு வந்து, ஒற்றை மெஷினோடு ஆரம்பித்த தொழில் அது. சின்னண்ணன் கல்லூரியில் பிசினஸ் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்து சேர்ந்தார். நான் பி.காம். முடித்துவிட்டு வந்தேன். சின்னண்ணன் பள்ளிகளுக்குப் போய் ஆர்டர் பிடிப்பார். நான் அளவுச் சீட்டுகளை வகுப்பு வாரியாகப் பிரித்து அடுக்குவேன். துணி, வெட்டு, தையல் எல்லாம் பெரியண்ணன். வெகுநாள் வரை இதில் குழப்பம் ஏதும் இருக்கவில்லை. ஆனால் பள்ளிகள் பெருகப் பெருக, வெட்டு மேஜைக்கு வந்து யோசனை சொல்லும் பழக்கம் சின்னண்ணனுக்கு வந்தது. ஆர்டர் பிடித்தவருக்குத்தானே பள்ளியின் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது.

ஒரு நாள் மதியம், டிஃபன் கேரியரைத் திறந்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னண்ணன் சொன்னார்: "அண்ணா, நம்மகிட்ட ஸ்ட்ரக்சரே இல்ல. யார் என்ன டிசைட் பண்றாங்கன்னு யாருக்கும் தெரியல. இப்படியே போனா என்னால முடியாதுண்ணா. நான் தனியா ஒரு சின்ன யூனிட் போட்டுக்கறேன். நீங்க இத பாத்துக்கோங்க." கோபமாகச் சொல்லவில்லை. பலநாள் யோசித்த குரல் அது. பெரியண்ணன் கையில் எடுத்த சோற்றை வாயில் போட்டுக்கொண்டார். "சரி, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு நாற்பது வயது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

"பாப்பா, இந்த மேனேஜ்மென்ட்டு ஃபோன்லயே படிக்கலாமாமே. என்ன சேத்து உடு."

"எதுக்குண்ணா இந்த வயசுல?"

"அவன் பேசறது எனக்கு வெளங்கல. நான் பேசறது அவனுக்குப் பழசாத் தெரியுது. யாராச்சும் ஒருத்தர் எறங்கிப் போவணும் இல்ல? தனியா போறேன்றானே. போவ உட்டா அப்புறம் இன்னா? கிறிஸ்துமஸுக்கு கேக்கு குடுத்தனுப்பற சொந்தமா ஆயிடுவோம்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பட்டறை பெரிதாக வேண்டும் என்றோ, பெயர் வாங்க வேண்டும் என்றோ அவர் நினைத்ததில்லை. தம்பி அதே மாடியில், அதே மேஜையில், கேரியரின் அடுத்த அடுக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கட்டணமில்லாத, ஆரம்பநிலைப் பாடம் ஒன்றில் சேர்த்துவிட்டேன். சின்னச் சின்ன வீடியோக்கள்; ஒவ்வொன்றின் முடிவிலும் சில கேள்விகள். மதியம் சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், அயர்ன் மேஜையின் ஓரத்தில் இருவரும் உட்காருவோம். அவருக்கு ஆங்கிலம் கேட்டால் பாதி புரியும். மீதியை நான் சொல்வேன். திட்டமிடுதல், ஒழுங்குபடுத்துதல், ஆள் அமர்த்துதல், வழிநடத்துதல், கண்காணித்தல் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பணியாளர் தொடர்ந்து தாமதமாக வருகிறார், மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு நான்கு பதில்கள் கொடுத்திருந்தார்கள். அவர் நான்கையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையான்னு கேக்கணும். அது இதுல இல்லியே?"

"இருக்கறதுலதாண்ணா ஒண்ணு தொடணும்."

"அப்போ நீயே தொடு. தப்பானா உன் கணக்கு." நான் தொட்டேன். சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. "பி.காமு!" என்று என் தலையில் தட்டினார். பக்கத்தில் இருந்த மெஷின்காரப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அது நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மதியம் அவர் துணிந்து சின்னண்ணனிடம், "டேய், நம்மகிட்ட பிளானிங் நல்லாதான் கீது, கன்ட்ரோலிங்தான் வீக்கு" என்றார். சின்னண்ணன் புரையேறும்வரை சிரித்துவிட்டு, "வாங்க ஃபோன் எம்.பி.ஏ!" என்றார். ஆனால் அதன் பிறகு அவரே கேட்கத் தொடங்கினார்: "எந்த சாப்டர்ண்ணா இப்போ?" சில நாட்கள் இருவரும் கேரியர் காலியான பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தனி யூனிட் பேச்சு நின்றிருந்தது. படித்தது பலித்துவிட்டது என்று பெரியண்ணன் நம்பியிருக்க வேண்டும். நானும் நம்பினேன்.

பிறகு அந்தப் பினஃபோர் ஆர்டர் வந்தது. சிறுமிகள் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கையில்லாத கவுன். அதன் கீழ்ப்பக்கம் உள்ளே மூன்று விரல் அகலத்துக்குத் துணியை மடித்துத் தைப்பது பெரியண்ணனின் வழக்கம். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தால் அம்மாக்காரி மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டுக்கொள்ளலாம். சின்னண்ணனுக்கு அது வீண். ஒரு விரல் மடிப்புப் போதும், துணியும் மிச்சம், வளர்ந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும் என்றார். காலையில் பெரியண்ணன் மாஸ்டரிடம் பழைய அளவில் வெட்டச் சொல்லிவிட்டுத் துணிக்கடைக்குப் போனார். மதியம் சின்னண்ணன் வந்து துணியைக் குறைத்து வெட்டச் சொன்னார். மாஸ்டர் காலையில் அப்படியும் மதியம் இப்படியும் வெட்டினார். தைப்பவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல எல்லாவற்றையும் மூன்று விரல் மடித்துத் தைத்துவிட்டார்கள். பாதிக் கவுன்கள் முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டன. பள்ளியிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன.

அண்ணன்மார் இருவரும் மாஸ்டர் மீது பாய்ந்தார்கள். "யாரைக் கேட்டு வெட்டின?" என்று ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மாஸ்டர் வெட்டுக் கத்தரியை மேஜையில் வைத்தார். அவர் வீட்டில் உருது பேசுகிறவர்; 'பையா' என்றால் அவர் பேச்சில் அண்ணா. எங்கள் தமிழில் பல வருடமாக ஊறியவர். "ரெண்டு பேரையும் கேட்டுதான் வெட்னேன் பையா. எனக்கு இருக்கறது ஒரு கழுத்து. காலீல அந்தப் பக்கம் ஆட்டு, மதியம் இந்தப் பக்கம் ஆட்டுன்னா சுளுக்கிக்கும்." சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். சின்னண்ணன் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "இதுக்குதான் சொன்னேன், தனியா போயிடறேன்னு."

அதற்கடுத்த பாடம் நிர்வாகத்தின் அடிப்படைக் கொள்கைகளைப் பற்றியது. வேலையைப் பிரித்துக்கொள்வது, ஒழுங்கு, நியாயம் என்று வரிசையாக வந்தது. ஓரிடத்தில் அந்தப் பெண்மணி, ஒரு பணியாளருக்கு ஒரே ஒரு மேலதிகாரியிடமிருந்துதான் கட்டளை வர வேண்டும், இருவர் கட்டளையிட்டால் அமைப்பு உடையும் என்றார். நான் தமிழில் சொன்னேன். பெரியண்ணன் கையை நீட்டி வீடியோவை நிறுத்தினார். மறுபடி அந்த இடத்தைப் போடச் சொன்னார். மூன்றாவது முறை போட்டபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. வெட்டு மேஜையில் தனியாக நின்றுகொண்டிருந்த மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு பாட்டர்ன் காகிதத்தின் பின்பக்கம் தையல் சாக்பீஸால் கட்டங்கள் வரைந்து என்னிடம் கொண்டுவந்தார். பாடத்தில் காட்டியிருந்த மாதிரி, மேலே ஒரு கட்டம், அதற்குக் கீழே மாஸ்டர், அவருக்குக் கீழே தைப்பவர்கள். மேல்கட்டத்தில் சின்னண்ணனின் பெயரின் முதலெழுத்து இருந்தது. ஓரமாக நான் இருந்தேன்.

"நீங்க எங்கண்ணா?"

"ரெண்டு பேர மேல போட முடியாதாமே. என்ன மேல போட்டா அவன் போயிடுவான். அவன மேல போட்டா நான் போவ மாட்டேன். இங்கியேதான் இருப்பேன்." கணக்கு நேராக வந்துவிட்டதுபோல அவர் முகம் தெளிந்திருந்தது. "அவன்கிட்ட இதெல்லாம் சொல்லாத. நான் விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா வேணான்னுடுவான்."

அன்றே மாஸ்டரிடமும் தைப்பவர்களிடமும் சொல்லிவிட்டார்: இனிமேல் சின்னவர் சொல்வதுதான். தனக்குக் கண் சரியில்லை, இனி காஜா பட்டனை மட்டும் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். சின்னண்ணன் முதலில் திகைத்தார், பிறகு மகிழ்ந்தார். தனி யூனிட் பேச்சு அதன் பிறகு எழவே இல்லை. நினைத்தது நடந்தது.

ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மாஸ்டர் புதுத் துணியைத் தொட்டதும் தலை தானாகப் பெரியண்ணன் பக்கம் திரும்பும். அவர் உடனே இயர்போனைக் காதில் செருகிக்கொள்வார். ஒருமுறை பாவாடைக்கு மெரூன் நிறப் பருத்தித் துணி வந்து இறங்கியது. பருத்தியை நனைத்துக் காயப்போட்ட பிறகே வெட்டுவது எங்கள் பட்டறையின் முறை. இல்லாவிட்டால் துவைத்ததும் சுருங்கும். சின்னண்ணன் நேரமில்லை, அப்படியே வெட்டுங்கள் என்றார். மாஸ்டர் கத்தரியைப் பிடித்தபடி நின்றார். "படே பையா?" என்று பெரியண்ணனைக் கூப்பிட்டார். பெரியண்ணனின் உதடு பிரிந்தது. பிறகு, "சின்னவர் சொன்னா சரிதான் மாஸ்டர்" என்றார். இன்னொரு முறை கேட்டால் என்ன சொல்லிவிடுவோமோ என்று பயந்தவர்போல எழுந்து படியிறங்கினார். சன்னலிலிருந்து பார்த்தேன். டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பாவாடைகள் சுருங்கவில்லை. துணி சுருங்காதபடி மில்லிலேயே பக்குவம் செய்யப்பட்டு வந்தது. அது சின்னண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு புகார்கூட வரவில்லை. அவர் சொன்னது தவறாகப் போயிருந்தால் பெரியண்ணனுக்கு அங்கே ஒரு வேலை மிஞ்சியிருக்கும் என்று பின்னாளில் பலமுறை நினைத்திருக்கிறேன். எல்லாம் நல்லபடியாக நடந்ததுதான் அவரைத் தளர்த்தியது. வாரம் முழுக்க வந்தவர் சில நாள் மட்டும் வந்தார். பிறகு ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலேயே இருந்துவிட்டார். யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. "அண்ணா ஏன் வர்றதில்ல?" என்று சின்னண்ணன் என்னிடம் கேட்டார். "கண்ணு சரியில்லையாம்" என்றேன்.

பாடத்தை மட்டும் அவர் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து முடித்தார். சான்றிதழ் வந்ததும் நான் கலரில் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி சுவரில் மாட்ட ஆணி தேடினார். "எதுக்கு? மேனேஜர் வேல காலியா எங்கியாச்சும்?" என்று அவர் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். பிறகு இருவருமே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். பெரியண்ணன் என்னைப் பார்த்து, "மதியம் அவன் ஒழுங்கா சாப்பிடறானா?" என்று கேட்டார். சாப்பிடுகிறார் என்றேன். உண்மையில் அந்த நாட்களில் சின்னண்ணன் ஃபோனில் பேசியபடி நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் அயர்ன் மேஜையின் ஓரத்தில் தனியாகச் சாப்பிட்டேன். ஒரே மாடியில்தான் இருந்தோம்.

போன வருடம் ஒரு காலைநேரம், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியண்ணன் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

சின்னண்ணன் அழவில்லை. பட்டறையை நடத்துகிறவர் எப்படியோ அப்படி எல்லாவற்றையும் நடத்தினார். பாதிரியாரிடம் நேரம் பேசினார், தங்கவயலில் இருக்கும் சொந்தங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தார், வாசலில் நாற்காலி போடச் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். மாஸ்டரும் தைப்பவர்களும் வந்து வரிசையாக நின்றார்கள். அவர்களையும் அவரே உட்கார வைத்தார்.

சவப்பெட்டிக் கடைக்காரர் இரண்டு துண்டுத் துணிகளோடு வந்தார். எங்கள் குடும்பத்தை அறியாதவர். பெட்டிக்குள்ளே விரிப்பதற்கு வெள்ளை சாட்டின் ஒன்று, பழுப்பு நிறப் பருத்தி ஒன்று. "சார், எது போடட்டும்? ஸ்வல்ப பேக சொல்லிடுங்க, ஆள் காத்துட்டிருக்கான்" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார். சின்னண்ணன் இரண்டையும் வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"இருங்க" என்றார். "அண்ணாவக் கேட்டுட்டு சொல்றேன்."

கடைக்காரர் சரியென்று தலையாட்டினார். வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்களின் பக்கம் திரும்பி, அவர்களில் அண்ணன் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.