தெருக்குத்து மனையும் எங்கம்மா கீரைக்கூடையும்

இன்னிக்கு மத்தியானம் டெலிவரி பண்றவர் போன் பண்ணாரு.

"சார், உங்க பால்கனி தெரியுது. வழிதான் தெரியல!"

எங்க அபார்ட்மென்ட் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு. சுத்தி வரணும்னா ஹைவே ஏறி இறங்கணும். (பிரியாணி ஆறிப்போச்சு.)

சட்டுனு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு.

எண்பதுகள்ல உத்திரமேரூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருந்த நெல் வயல்ல கல்லு நட்டு பிளாட் போட்டாங்க. அதுக்கும் பின்னாடி எங்க காலனி. அம்மா கீரைக்கூடையோட வரப்பு மேல நடந்து போய் காஞ்சிபுரம் முதல் பஸ்ஸைப் பிடிப்பாங்க.

ஒவ்வொரு பிளாட்டா வேலி வந்துச்சு. வரப்பு போச்சு!

கடைசி மனை மட்டும் காலி. தெரு நேரா வந்து அதுலதான் முட்டும். தெருக்குத்து! அங்க வீடு கட்டினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு யாருமே வாங்கல. அந்த மனைதான் எங்க காலனிக்கே ரோடு!

அதையும் ஒரு வெளியூர் வாத்தியார் வாங்கிட்டாரு. (அவருக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. விலையும் சல்லிசு!)

இனிமே ஏரிக்கரை சுத்தித்தான் போகணும். அதுக்குள்ள பஸ் போயிடும். கீரை வாடிடும். அம்மா அன்னிக்கு சரியாவே சாப்பிடல.

மறுநாள் கூடையோட மனைக்கே போயிட்டாங்க. நானும் கூடவே.

வாத்தியார் சம்சாரம் மட்டும் நின்னுட்டிருந்தாங்க. மாசமா இருந்தாங்க. முகமே சரியில்ல.

"இன்னாம்மா, ஒரு மாதிரியா கீற?"

"தெருக்குத்துங்கிறாங்கம்மா. வயித்துப் புள்ளைய நினைச்சா பயமா இருக்கு. இவரு கேக்க மாட்டேங்கிறாரு."

அம்மா கூடைய இறக்கி வச்சாங்க.

"தெரு முட்டினாத்தானம்மா குத்தும்? ஓரமா கொஞ்சம் வழி வுடு. அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்!"

அந்தம்மா முகத்துல அப்பத்தான் உயிரே வந்துச்சு.

"மனை குறைஞ்சிடும்"னு வாத்தியார் முணுமுணுத்தாராம். "ரூம் சின்னதா இருந்தா பரவாயில்ல"ன்னு அந்தம்மா பிடிவாதமா நின்னுட்டாங்க. சந்து விட்டாங்க! பிரசவம் ஆகுற வரைக்கும் அம்மா தினம் ஒரு கட்டு முருங்கைக்கீரை அவங்க வாசல்ல வச்சுட்டுத்தான் பஸ் ஏறுவாங்க.

ஒருநாள் கேட்டேன். "யம்மா, வழி வுட்டா நெஜமாவே குத்தாதா?"

"எனக்கு இன்னாடா தெரியும்? வழி வுடலன்னா நம்பள குத்தும். அது தெரியும்!"

நாளைக்கு எங்க அபார்ட்மென்ட் மீட்டிங். சுவத்துல ஒரு சின்ன கேட் வைங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். அந்தச் சுவத்துக்கு வெளிய, செகரட்டரி வீட்டுக்கு நேரா ஒரு தெரு வந்து முட்டுது. இன்னும் அவர் கவனிக்கல.

சொல்லிடவா, மக்களே?